நிற்பது கோலுக்கு, வருவது காதுக்கு

2021 ஆகஸ்ட் 26. டோக்கியோவின் ஹருமி பகுதியில், பாராலிம்பிக் வீரர்கள் தங்கியிருந்த குடியிருப்பு. பார்வைக் குறைபாடு உள்ள ஜப்பானிய ஜூடோ வீரர் ஒருவர் தெருமுனையில் சாலையைக் கடக்கிறார். அதே முனையில் டொயோட்டாவின் இ-பேலட் என்ற மின்சாரப் பேருந்து திரும்புகிறது. சுற்றிலும் சென்சார்கள் பொருத்திய, தானாகவே ஓடக்கூடிய வண்டி அது. உள்ளே அதைக் கவனித்துக்கொள்ள ஆளும் உண்டு. திரும்பும்போது அதன் வேகம் மணிக்கு 1 அல்லது 2 கி.மீ.தான். அப்படியும் வண்டி அவர்மேல் மோதியது. பெரிய காயமில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து நடந்த 81 கிலோ பிரிவுப் போட்டியில் அவரால் இறங்க முடியவில்லை. எத்தனையோ வருடப் பயிற்சி, ஒரு தெருமுனையில் போயிற்று.

மாற்றுத்திறனாளிகளுக்காகவே ஏற்பாடு செய்த இடம். சாலையில் நெரிசல் இல்லை. வண்டியோ மனிதர் நடப்பதைவிட மெதுவாக வந்திருக்கிறது. அங்கேயே இப்படி என்றால் மற்ற இடங்களை யோசித்துப் பாருங்கள். சில நாள் நிறுத்திவைத்துவிட்டு மறுபடி ஓடவிட்டபோது, முனைகளில் வழிகாட்டும் ஆட்களைக் கூட்டினார்கள். கூடவே வண்டி எழுப்பும் எச்சரிக்கைச் சத்தத்தையும் கூட்டினார்கள். அந்த இரண்டாவது மாற்றத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பார்வையற்றவர்களுக்கு ஆபத்தை முன்கூட்டிச் சொல்லும் கருவிகள் என்று தேடினால் செய்திகளுக்குப் பஞ்சமில்லை. பேசும் கண்ணாடி, அதிரும் கோல், செருப்பில் பொருத்தும் கருவி, தோளில் மாட்டும் கேமரா. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு ‘தடையைக் கண்டுபிடிக்கும் கருவி’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் சாலையில் இரண்டு வகை ஆபத்து இருக்கிறது. ஒன்று, இருந்த இடத்திலேயே இருப்பது: கம்பம், பள்ளம், நடைபாதையில் நிறுத்திய பைக், தாழத் தொங்கும் கிளை. இன்னொன்று, நம்மை நோக்கி வருவது. முதல் வகையை நெருங்குவது நாம்தான், அதனால் வேகம் நம் கையில். இரண்டாவது வகையில் வேகம் நம் கையில் இல்லை. அங்கே எவ்வளவு தூரம் என்பதைவிட எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதே முக்கியம். முதல் வகைக்கு நல்ல கருவிகள் வந்திருக்கின்றன. இரண்டாவது வகையில், பார்வையற்றவரின் உடம்பில் எதை மாட்டினாலும் ஓர் அளவுக்கு மேல் பயன் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

வெள்ளைக் கோலிலிருந்து ஆரம்பிக்கலாம். இலங்கையில் வெள்ளைப் பிரம்பு என்பார்கள். 1921இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் ஜேம்ஸ் பிக்ஸ் என்ற புகைப்படக்காரர், விபத்தில் பார்வை போன பிறகு, வீட்டைச் சுற்றி வண்டிப் போக்குவரத்து அதிகமாகிறதே என்று பயந்து தன் கைத்தடிக்கு வெள்ளை அடித்தார். அந்த வெள்ளை அவருக்காக அல்ல. வண்டி ஓட்டுகிறவர் கண்ணில் படுவதற்காக. அதாவது கோல் வெள்ளையான காரணமே எதிரே வருகிறவருக்குத் தகவல் சொல்வதுதான். தரையைத் தடவிப் பார்க்கும் வேலை அதற்கு முறையாக வந்தது இருபது வருடங்களுக்கு மேல் கழித்துத்தான். 1944 வாக்கில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனையில், போரில் பார்வை இழந்த வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்த ரிச்சர்ட் ஹூவர், கோலை நீளமாக்கி, நடையோடு சேர்த்து இடமும் வலமும் வீசும் முறையை வகுத்தார். இடது கால் முன்னே போகும்போது கோலின் நுனி வலது பக்கம் தரையைத் தொடும். அடுத்து வலது கால் விழப்போகிற இடம் அது. ஒவ்வோர் அடிக்கும் ஓர் அடி முன்னால் தகவல். இன்றும் உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

கோல் கண்டுபிடிப்பது ஒரு மீட்டர் சொச்சம் தூரம் வரை, அதுவும் பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே. மீதிக்கெல்லாம் காது.

காது எப்படி வேலை செய்கிறது என்று நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எனக்கு மூத்த நண்பர் ஒருவர், வங்கியில் வேலை பார்ப்பவர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். சைதாப்பேட்டையில் அவரோடு சாலையைக் கடக்க நின்றிருந்தேன். என் முழங்கைக்குச் சற்று மேலே லேசாகப் பிடித்திருந்தார். (நாம் அவர் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, அவர்தான் நம் கையைப் பிடிக்க வேண்டும். இது பலருக்குத் தெரியாது.) நான் இடமும் வலமும் பார்த்துவிட்டு “போலாமா அண்ணா?” என்றேன். “இருங்க தம்பி, பஸ்ஸுக்குப் பின்னாடி ஒரு ஆட்டோ இருக்கு” என்றார். எனக்கு ஆட்டோ தெரியவில்லை. பஸ் நகர்ந்ததும் பின்னாலிருந்து ஆட்டோ வந்தது.

அதில் மந்திரம் எதுவும் இல்லை. இடது பக்கத்திலிருந்து வரும் ஒலி, இடது காதை வலது காதுக்கு முன்னால் எட்டுகிறது. அதிகபட்ச வித்தியாசம் ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட இல்லை. அதையும் மூளை அளந்து திசையைச் சொல்லிவிடுகிறது. கண்ணால் பஸ்ஸை ஊடுருவிப் பார்க்க முடியாது. ஆனால் ஒலி வளைந்து வரும், சுவரில் பட்டுத் திரும்பி வரும். கண்ணுக்கு மறைவானது காதுக்கு மறைவில்லை. அப்புறம் இன்னொரு கணக்கு. கப்பல் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. தூரத்தில் தெரியும் கப்பல் நெருங்கிக்கொண்டே இருக்கிறது, ஆனால் அது தெரியும் திசை மட்டும் மாறவில்லை என்றால், மோதப் போகிறது என்று அர்த்தம். திசை மாறிக்கொண்டே வந்தால் அது விலகிப் போய்விடும். காதும் இதையேதான் செய்கிறது. ஒலி பெரிதாகிறதா, அதன் திசை நகர்கிறதா? பெரிதாகிறது, ஆனால் நகரவில்லை என்றால், ஓர் அடி பின்வாங்கு.

சிக்னல் இருக்கும் இடத்தில் இன்னொரு உத்தி. நாம் போகும் திசையிலேயே நம் பக்கவாட்டில் ஓடும் வண்டிகள் ஒன்றாக உறுமிக் கிளம்பினால், குறுக்கே போகிறவை நின்றுவிட்டன என்று பொருள். அந்த உறுமல்தான் பச்சை விளக்கு. நடமாட்டப் பயிற்சியில் இதைத் திரும்பத் திரும்பப் பழக்குவார்கள்.

சரி, இந்தக் காதுக்குத் துணையாகக் கருவி செய்ய முடியாதா? அறுபது வருடமாக முயற்சி நடக்கிறது. 1960களில் லெஸ்லி கே என்ற பிரிட்டிஷ் பொறியாளர், டார்ச் லைட்போலக் கையில் பிடிக்கும் ஒரு கருவி செய்தார். அது நம் காதுக்குக் கேட்காத மீயொலியை அனுப்பி, பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்கக்கூடிய ஒலியாக மாற்றிக் காதில் போடும். வௌவாலின் வழிதான். பிறகு அதையே மூக்குக் கண்ணாடியிலும் பொருத்தினார். அபாரமான பொறியியல். ஆனால் சாலையின் சத்தத்தைக் கேட்க வேண்டிய காதில் கருவியின் சத்தம் வந்து உட்கார்ந்தது. அதனால் பின்னால் வந்தவர்கள் பலரும் ஒலியை விட்டு அதிர்வுக்கு மாறினார்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் வௌவால் ஆராய்ச்சியிலிருந்து பிறந்த அல்ட்ராகேன், கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் பொத்தான்களை அதிரவைத்துத் தகவல் சொல்கிறது. விலைதான் பல நூறு பவுண்டு.

நம் நாட்டில் இதைக் கைக்கு எட்டும் விலையில் செய்துகாட்டியது டெல்லி ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எம். பாலகிருஷ்ணன் வழிநடத்திய குழு. மாணவர் திட்டமாகத் தொடங்கிய ஸ்மார்ட்கேன், சக்ஷம் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து பார்வையற்றவர்களிடமே திரும்பத் திரும்பக் கொடுத்துச் சோதித்த பிறகு 2014இல் விற்பனைக்கு வந்தது. அப்போது விலை சுமார் 3,000 ரூபாய். அதைத் தயாரித்தது சென்னையைச் சேர்ந்த ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். சாதாரண மடக்குக் கோலின் கைப்பிடியில் பொருத்திக்கொள்ளலாம். முழங்காலுக்கு மேலே, சுமார் 3 மீட்டருக்குள் இருக்கும் தடையை மீயொலியால் கண்டுபிடித்துக் கையில் அதிர்வாகச் சொல்லும். நெருங்க நெருங்க அதிர்வின் போக்கு மாறும். கோல் தொட முடியாத இடத்தை, அதாவது நெற்றியில் இடிக்கும் ஜன்னல் கதவை, லாரியின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை, இது பார்த்துக்கொள்கிறது. அடிபட்ட நெற்றிகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் வருகிற வண்டிக்கு? மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் ஸ்கூட்டர் ஒரு நொடியில் 8 மீட்டருக்கு மேல் போகும். 3 மீட்டர் தூரத்தில் அதைக் கண்டுபிடித்தால் மிச்சம் இருப்பது ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம். கை அதிர்ந்து, அது புரிந்து, கால் நிற்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இன்னொரு பக்கமாகவும் பாருங்கள். 7 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க நொடிக்கு ஒரு மீட்டர் நடந்தால் 7 நொடி. அந்த 7 நொடியில் அதே ஸ்கூட்டர் 58 மீட்டர் ஓடும். கடப்பதற்கு முன்னால் ‘இப்போது போகலாம்’ என்று சொல்ல வேண்டுமானால், கருவிக்குக் கிட்டத்தட்ட 60 மீட்டர் தூரம், இரு பக்கமும் தெரிய வேண்டும். 3 மீட்டருக்கும் 60 மீட்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளி, சென்சாரைக் கொஞ்சம் மேம்படுத்தி நிரப்பக்கூடியதில்லை. அது வேறு வேலை.

கேமராக்காரர்கள் அந்த வேறு வேலையைத்தான் கையில் எடுத்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் பைபெட் நிறுவனம் செய்திருக்கும் நோவா என்ற கருவி, பையின் வார்போலத் தோளில் மாட்டிக்கொள்வது. அகலக் கோணக் கேமராக்கள் முன்னால் இருப்பதைப் பார்க்கின்றன. தானியங்கிக் கார்களுக்கு எழுதிய கணக்குமுறை இங்கே மனிதருக்குப் பயன்படுகிறது. ஒவ்வொரு பொருளையும் தொடர்ந்து கவனித்து, அடுத்த சில நொடிகளில் அது எங்கே இருக்கும், நாம் எங்கே இருப்போம் என்று ஊகித்து, மோதும் வாய்ப்பு இருந்தால் மட்டும் அந்தத் திசையிலிருந்து வருவதுபோன்ற ஒலியைக் காதில் கொடுக்கிறது. மேலே சொன்ன கப்பல்காரர் விதியின் கணினி வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கையை வடிகட்டுவதுதான் இதன் உயிர். தி. நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு நிமிடத்தில் நூறு பேர் நம்மை நோக்கி வருகிறார்கள். நூறுக்கும் கத்துகிற கருவியை முதல் நாளே அணைத்து வைத்துவிடுவோம்.

இந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் இடர்கள் இருக்கின்றன. இரண்டு கேமராக்களின் படத்தை ஒப்பிட்டுத் தூரம் கணிக்கும் முறையில், தூரம் இரண்டு மடங்கானால் பிழை நான்கு மடங்காகும். உடம்பு நடக்கும்போது கேமராவும் ஆடும். மழை, எதிர்வெயில், இரவில் கண்ணைக் கூசவைக்கும் முகப்பு விளக்கு எல்லாம் படத்தைக் கெடுக்கும். முன்னால் மாட்டிய கேமராவுக்குப் பின்னால் தெரியாது. ஐபோன் 12 ப்ரோவிலிருந்து வந்த, ஒளியை அனுப்பித் தூரம் அளக்கும் லைடார் சென்சாரை வைத்து எதிரே ஆள் இருப்பதைச் சொல்லும் வசதியை 2020இல் ஆப்பிள் கொடுத்தது. அதற்கும் எட்டும் தூரம் சுமார் 5 மீட்டர்தான். வரிசையில் நிற்கும்போது, காலி இருக்கை தேடும்போது மிக நல்ல வசதி. சாலைக்கு அல்ல.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது காதின் பாடு. எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் ஹெட்ஃபோன் காதுத் துளையை அடைப்பதில்லை, உண்மை. ஆனால் அந்த ஒலியும் கடைசியில் போய்ச் சேருவது அதே உள்காதுக்குத்தான். ஒரு சத்தம் இன்னொரு சத்தத்தை மூடுவது அங்கேயும் நடக்கும். கவனமும் ஒன்றுதான் இருக்கிறது. ஹோண்டாவிலிருந்து பிரிந்து வந்த அஷிராசே என்ற ஜப்பானிய நிறுவனம் வழிசொல்லும் வேலையைக் காலுக்கு மாற்றியது இதனால்தான். ஷூவில் பொருத்திய கருவி, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைப் பாதத்தில் அதிர்வாகச் சொல்கிறது. காதைச் சாலைக்கு விட்டுவைக்கிறது. யோசித்துச் செய்த வேலை.

காதைச் சாலைக்கு விட்டுவைத்தோம். சாலை காதுக்கு எதையும் சொல்லாவிட்டால்?

பெட்ரோலோடு மின்சாரத்திலும் ஓடும், மின்சாரத்தில் ஓடும்போது இன்ஜின் சத்தமே இல்லாத ஹைப்ரிட் கார்கள் அமெரிக்கத் தெருக்களில் பெருகத் தொடங்கியபோது முதலில் பதறியது பார்வையற்றோர் அமைப்புகள்தான். குறிப்பாக அங்குள்ள தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு இதை விடாமல் பேசியது. பலரும் அப்போது இதை மிகையான பயம் என்று நினைத்தார்கள். 2008இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் உளவியல் பேராசிரியர் லாரன்ஸ் ரோசன்ப்ளம் ஒரு சோதனை செய்தார். ஹைப்ரிட் காரும் பெட்ரோல் காரும் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் வரும் ஒலிப்பதிவை ஆட்களைக் கேட்கவைத்து, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லச் சொன்னார். பெட்ரோல் காரோடு ஒப்பிட்டால் ஹைப்ரிட் கார் 40 சதவீதம் அதிகமாக நெருங்கி வந்த பிறகே திசை தெரிந்தது. 2009இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை விபத்துப் பதிவுகளை அலசியது. வேகம் குறைக்கும்போது, பின்னால் எடுக்கும்போது, பார்க்கிங்கில் நுழையும்போதும் வெளியேறும்போதும் ஹைப்ரிட் கார் பாதசாரிமேல் மோதும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று கண்டது. 2024இல் பிரிட்டனில் வெளியான ஆய்வும், 2013 முதல் 2017 வரையிலான விபத்துகளைப் பார்த்து, ஓடும் தூரத்தை ஒப்பிட்டு, மின்சார, ஹைப்ரிட் கார்களுக்கு அதே இரண்டு மடங்கைச் சொன்னது. நகரங்களில் வித்தியாசம் இன்னும் அதிகம்.

மெதுவாகப் போகும்போது மட்டும் ஏன்? வேகமாகப் போகும் காரில் நமக்குக் கேட்பது பெரும்பாலும் இன்ஜின் அல்ல, டயர் தரையில் உரசும் சத்தம். மணிக்கு 20, 30 கி.மீ.யைத் தாண்டிவிட்டால் மின்சாரக் காருக்கும் பெட்ரோல் காருக்கும் காதில் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்குக் கீழேதான் சிக்கல். நம் நகரத் தெருக்களில் வண்டிகள் முனை திரும்புவதும், சந்தில் நுழைவதும், ஓரம் கட்டுவதும் அந்த வேகத்தில்தான். மழை பெய்து ஓய்ந்த சாலையில் டயர் சத்தம் கூடுதலாகக் கேட்கும், அப்போது அண்ணனுக்கு நிம்மதி. மழை பெய்துகொண்டிருக்கும்போது எல்லாம் ஒரே இரைச்சல், அப்போது அவர் கடக்கவே மாட்டார், கடை வாசலில் ஒதுங்கி நிற்பார்.

அமெரிக்காவில் 2011 ஜனவரியில் இதற்கென ஒரு சட்டம் கையெழுத்தானது. விதிகள் 2016 கடைசியில் வந்தன. முழுதாக நடைமுறைக்கு வர 2021 ஆகிவிட்டது. சட்டத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில் பத்து வருடம். ஐரோப்பாவில் புதிய ரக மின்சார, ஹைப்ரிட் கார்களுக்கு 2019 ஜூலையிலும், விற்கும் எல்லாப் புதுக் கார்களுக்கும் 2021 ஜூலையிலும் கட்டாயமானது. ஏ.வி.ஏ.எஸ். என்று சொல்வார்கள், வண்டி வருவதை ஒலியால் தெரிவிக்கும் அமைப்பு.

அந்தச் சத்தம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் நிறையச் சிந்தனை இருக்கிறது. ‘பீப் பீப்’ என்று அடித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஒரே சுருதியில் வரும் பீப் ஒலி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது காதுக்குக் கஷ்டம். கைபேசி வீட்டுக்குள் எங்கோ சிணுங்கும்போது எந்த அறை என்று நாம் அலைவது இதனால்தான். பல அதிர்வெண்கள் கலந்த, காற்று வீசுவதுபோன்ற ஒலியின் திசை உடனே தெரியும். அதனால் ஐ.நா.வின் 138ஆம் எண் வாகன விதி, குறைந்தது இரண்டு அதிர்வெண் பட்டைகளில் ஒலி இருக்க வேண்டும், அதில் ஒன்றாவது 1,600 ஹெர்ட்ஸோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும் என்கிறது. வயதானவர்களுக்குக் கீச்சு ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். பார்வையும் போய்க் காதும் மங்கிய முதியவருக்கும் கேட்க வேண்டுமல்லவா?

வேகம் மாறினால் சுருதியும் மாற வேண்டும். ஒவ்வொரு கி.மீ. வேகத்துக்கும் குறைந்தது 0.8 சதவீதம். வண்டி வேகமெடுக்கிறதா, தளர்கிறதா என்பது அதில் தெரியும். பழைய இன்ஜின் தானாகவே செய்துகொண்டிருந்த வேலை இது. 10 கி.மீ. வேகத்தில் குறைந்தது 50 டெசிபல், 20 கி.மீ.யில் 56, எந்த நிலையிலும் 75ஐத் தாண்டக் கூடாது. 50 டெசிபல் என்பது இருவர் மெல்லப் பேசிக்கொள்ளும் அளவு. ஐரோப்பாவில் முதலில் ஓட்டுநர் வேண்டாமென்றால் அணைத்துவைக்க ஒரு சுவிட்ச் அனுமதித்திருந்தார்கள், பிறகு அதை எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம். அமெரிக்க விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. கிளம்பத் தயாராக நிற்கும் வண்டியும் ஒலிக்க வேண்டும். கடக்கிறவருக்கு நேர் முன்னால் கிளம்பத் தயாராக ஒரு வண்டி நிற்கிறது என்பது, ஓடுகிற வண்டியைப் பற்றிய தகவலுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. அந்த விஷயத்தில் நான் அமெரிக்க விதியின் பக்கம்.

பிக்ஸ் கோலுக்கு வெள்ளை அடித்த அதே நியாயம்தான் இங்கேயும் இருக்கிறது, திசை மட்டும் திரும்பியிருக்கிறது. அன்று நடப்பவர் தன்னை ஓட்டுநருக்குக் காட்டிக்கொண்டார். இன்று வண்டி தன்னை நடப்பவருக்குத் தெரிவிக்கிறது. இதற்காக நடப்பவர் ஒரு பைசா செலவழிக்க வேண்டாம், எதையும் மாட்டிக்கொள்ள வேண்டாம், சார்ஜ் போட வேண்டாம். பார்வையற்றவருக்கு மட்டும் இல்லை, பந்து பொறுக்கத் தெருவுக்கு ஓடும் குழந்தைக்கும் அதே காப்பு. ஆபத்தை உண்டாக்குகிறவர்தான் அதை அறிவிக்க வேண்டும் என்பது எனக்குச் சாதாரண நியாயமாகப் படுகிறது.

இந்தியாவுக்கு வருவோம். 2025 செப்டம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு வரைவு அறிவிக்கையை வெளியிட்டது. 2026 அக்டோபர் முதல் வரும் புதிய ரக மின்சார வண்டிகளிலும், 2027 அக்டோபர் முதல் ஏற்கெனவே விற்பனையில் உள்ள ரகங்களிலும் இந்த ஒலி அமைப்பு இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் அது சொல்வது எம், என் என்ற இரண்டு வகைகளை. அதாவது கார், பேருந்து, சரக்கு வண்டி. ஸ்கூட்டரும் இ-ரிக்‌ஷாவும் அதில் வரவில்லை. ஐரோப்பிய விதிகள் கார்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே தெருவில் ஓடுவது பெரும்பாலும் கார். நம் தெருவில் மின்சாரம் முதலில் வந்தது ஸ்கூட்டரிலும் மூன்று சக்கர வண்டியிலும். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தயாராகி நாடெங்கும் போகும் மின்சார ஸ்கூட்டர்களின் எண்ணிக்கைக்கு முன்னால் மின்சாரக் கார் ஒன்றுமே இல்லை. ஸ்கூட்டர் சந்துக்குள் வரும், நடைபாதையில் ஏறும், ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையிலும் வரும்.

போன வருடம் அண்ணனுக்கு நடந்தது இதுதான். வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, காலை நேரம். ஒருவழித் தெரு, வண்டிகள் வலப்பக்கமிருந்து மட்டும் வர வேண்டும். அந்தப் பக்கம் அமைதி என்று உறுதி செய்துகொண்டு இறங்கியிருக்கிறார். இடப்பக்கமிருந்து ஒரு மின்சார ஸ்கூட்டர். அவருக்குத் தெரிந்தது கையிலிருந்த கோல் பிடுங்கப்பட்டபோதுதான். கோலின் நுனி சக்கரத்தில் சிக்கி, இரண்டாவது மடிப்பில் முறிந்தது. ஓட்டிவந்த பையன் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு, வீடு வரை கொண்டுவந்து விட்டிருக்கிறான். “பையன் மேல தப்புன்னு சொல்ல மாட்டேன் தம்பி. அவன் என்னைப் பாத்துட்டான், நான் நின்னுடுவேன்னு நெனச்சுட்டான். எனக்கு அவன் இருக்கறதே தெரியாது” என்றார். மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. அடி எதுவும் இல்லை. நடுக்கம்தான் போகவில்லை.

ஓசை கொடுத்தால் மட்டும் சரியாகிவிடுமா என்ற கேள்வி நியாயமானது. சென்னையின் ஒரு பெரிய சந்திப்பில் 56 டெசிபல் எங்கே கேட்கப் போகிறது? ஹாரன்தான் அங்கே ஆட்சி. ஹாரனும் ஓர் எச்சரிக்கைதான், ஆனால் எல்லாரும் எல்லா நேரமும் அடித்தால் அது யாரைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. மேலும் ஹாரன் அடிப்பதா வேண்டாமா என்பது ஓட்டுநர் கையில் இருக்கிறது. சக்கரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் சத்தம் யார் மனதையும் கேட்பதில்லை, வண்டி மெதுவாக உருளும்வரை ஒலிக்கும். பெரிய சந்திப்புகளில் ஒலிக்கும் சிக்னல் வேண்டும், அது தனி வேலை. ஆனால் அண்ணனின் கோல் முறிந்தது பெரிய சந்திப்பில் அல்ல, காய்கறி வண்டிக்காரர் குரல் நான்கு வீடு தாண்டிக் கேட்கும் சின்னத் தெருவில். அங்கே 50 டெசிபல் தாராளம். தொழில்நுட்பமும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. ஸ்கூட்டரின் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் பலகைக்கு ஒவ்வொரு கணமும் வேகம் தெரியும். அதோடு ஒரு சிறிய ஒலிபெருக்கியை இணைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரையை எழுத ஆரம்பித்த வாரம் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கீழ்த்தளத்து வண்டி நிறுத்தத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் தன் மின்சாரக் காரைப் பின்னால் எடுத்தார். ஒலி அமைப்பு உள்ள கார் அது. அடைத்த காற்று மெல்ல வெளியேறுவதுபோல ஒரு சத்தம். “கையை நீட்டிக் காட்டுங்க அண்ணா” என்றேன். விரலை நீட்டினார். கார் பின்னால் நகர்ந்தது, விரலும் நகர்ந்தது. கார் நின்று, திரும்பி, வாசலை நோக்கிப் போனது. விரல் அப்படியே அதைத் தொடர்ந்து வாசல் வரை போனது. தெருவில் வேகமெடுத்ததும் அந்தச் சத்தம் அடங்கி டயர் சத்தம் மட்டும் கேட்டது. விரல் தடுமாறவில்லை. “தெருவை விட்டுத் திரும்பிடுச்சு, இடது பக்கம்” என்றார். சரிதான்.

கொஞ்ச நேரத்தில் மாடி வீட்டுப் பெண் கல்லூரிக்குக் கிளம்பினாள், மின்சார ஸ்கூட்டரில். எங்களுக்கு இரண்டு அடி தள்ளி, தலையசைத்துவிட்டுப் போனாள். அண்ணன் விரலை நீட்டியபடியே நின்றிருந்தார். “அடுத்து எது வருது தம்பி?” என்று கேட்டார்.